ஒரு கிட்டாரும் ஒரு பழைய கடனும்

(நமது முன்னாள் மாணவர் சங்கமத்தில், 1985-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க பேசணும். ஆனா பாலம், கான்கிரீட் எல்லாம் வேண்டாம். அதைப் பேச நாலு பேர் ஏற்கனவே பேர் கொடுத்துட்டாங்க. நீங்க கிட்டார் செய்யறீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் கான்கிரீட்டோடு மாரடித்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், கிட்டாரைப் பற்றிப் பேசும் சாக்கில் இந்தக் கல்லூரியில் நான் வைத்துவிட்டுப் போன ஒரு பழைய கடனைப் பற்றியும் பேசிவிடலாம் என்பதுதான்.

முதலில் கடன்.

1981-இலிருந்து 1985 வரை ஹாஸ்டலில் என் அறை நண்பன் ஒருவன். அவனுடைய உண்மைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவன் 'கிட்டார்'தான். அவனுடைய அக்கா ஸ்கூல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்து, வாங்கிய முதல் மாதச் சம்பளத்தில் தம்பிக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார்கள். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்ததே, அதில் வரும் நிலாப் பாட்டின் கிட்டாரை அவன் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்தால், அடுத்த பிளாக்கில் லைட்டை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் தலையாட்டுகிறார்கள். நான் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

கடைசி வருஷம், ஏப்ரல் மாதம். ஃபேர்வெல்லுக்கு நாலு நாள் இருந்தது. அவன் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் பண்ண டவுனுக்குப் போயிருந்தான். எனக்கு ஓர் ஆசை. கேட்காமல் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரம் டொய்ங் டொய்ங் என்று தட்டினேன். யாரோ கீழேயிருந்து கூப்பிட, அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். ஏப்ரல் மாத வெயிலும் மொட்டை மாடித் தரையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பிகளைத் தாங்கும் அந்தக் கட்டை, அதற்கு பிரிட்ஜ் என்று பெயர், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று ராத்திரி ஸ்டோர்ஸில் ரெண்டு டியூப் கலக்கும் பசை வாங்கி வந்து, மெஸ் கத்தியால் பிரிட்ஜை நெம்பி எடுத்து, வார்னிஷ் மேலேயே பசையை அப்பி, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கினேன். அதில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புத்தகமும் ஒன்று. காலையில் கம்பியை முறுக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். பார்த்தால் தெரியவில்லை. மூன்றாம் நாள், ஃபேர்வெல் மேடையில், அவன் இரண்டாவது பாட்டு வாசிக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் தனியாக வரவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு முகப்புப் பலகையையும் உரித்துக்கொண்டு வந்தது.

"வெயில்டா, இந்த வெயில்தான்" என்றான் அவன். "ஆமாண்டா, வெயில்தான்" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அவன் கிட்டார் வாங்கவில்லை. வடக்கே வேலைக்குப் போனான். நானும் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இதுதான் கடன். இனி கிட்டாருக்கு வருகிறேன்.

2013-ல் அலுவலக வேலையாக ஸ்பெயினுக்குப் போனேன். இரண்டு நாள் லீவு கிடைத்தது. கிரனாடா என்ற ஊருக்குப் போய் அல்ஹம்ப்ரா கோட்டையைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கோட்டைக்கு ஏறும் ஒரு செங்குத்தான தெரு, குவெஸ்டா டி கோமெரெஸ் என்று பெயர். அந்தத் தெருவில் கிட்டார் செய்யும் பட்டறைகள். ஒரு பட்டறை வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர் இழைப்புளி பிடித்துச் சீவிக்கொண்டிருந்தார். சீவல் சுருள் சுருளாக விழுகிறது. அந்த வாசனை இருக்கிறதே, நேராக நம் கல்லூரி கார்பென்டரி ஷாப்புக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. கோட்டையை நான் பார்க்கவில்லை. இரண்டு நாளும் அந்த வாசலிலேயே போயிற்று. 2015-ல் சேர்த்து வைத்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு, அதே ஊரில் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன்.

மாணவர்கள் கவனிக்க வேண்டும். கிட்டார் என்பது சிவில் இன்ஜினியருக்கு ஒரு பரீட்சைக் கேள்வி. நைலான் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் கம்பி என்றால் சுமார் 75 கிலோ. அதாவது நல்ல வாட்டசாட்டமான ஓர் ஆள் இரவும் பகலும் அந்த பிரிட்ஜைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் முகப்புப் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. 'அப்போ பலகையைக் கனமாக்கு' என்பீர்கள். ஆக்கலாம், உடையாது. ஆனால் ஒலிக்காது. மேஜையில் கம்பி கட்டின மாதிரிதான் இருக்கும். தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். உடைவதற்கு ஓர் அடி முன்னால் நிறுத்துவதுதான் இந்தத் தொழில்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அந்தோனியோ டி டோரெஸ். ஸ்பெயினின் அல்மெரியாவில் 1817-ல் பிறந்த தச்சர். 1892-ல் மறைந்தார். பலகையை மெலிதாக்கி, அதன் அடியில் விசிறி மடிப்பு மாதிரி ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டினார். இன்றைக்கு உலகம் முழுவதும் வாசிக்கும் கிளாசிக்கல் கிட்டாரின் அளவும் உருவமும் பெரும்பாலும் அவர் நிலைநிறுத்தியவை. ஒலிக்கு முகப்புப் பலகைதான் உயிர் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க 1862-ல் ஒரு காரியம் செய்தார். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து, முகப்பை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். அது இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வாயால் வாதம் பண்ணாமல் செய்து காட்டினார் பாருங்கள், அவர்தான் இன்ஜினியர்.

இன்னொருவர் சி.எஃப். மார்ட்டின். 1796-ல் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷனில் பிறந்தவர். அந்த ஊரில் ஒரு பெரிய சண்டை. வயலின் செய்கிறவர்களின் சங்கம், 'அலமாரி செய்கிற தச்சனெல்லாம் கிட்டார் செய்யக் கூடாது, அது எங்கள் தொழில்' என்று வழக்குப் போட்டது. மார்ட்டின் குடும்பம் அலமாரித் தச்சர் பக்கம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இல்லையா? 1833-ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். பென்சில்வேனியாவின் நாசரேத் என்ற ஊரில் பட்டறை போட்டார். பலகைக்கு அடியில் பெருக்கல் குறி போல இரண்டு சட்டங்களைக் குறுக்கே கடக்க வைக்கும் முறை 1840-களில் அங்கே உருவாகி வளர்ந்தது. பின்னால் ஸ்டீல் கம்பி வந்தபோது அந்தப் பெருக்கல் குறிதான் பாரத்தைத் தாங்கியது. நிலாப் பாட்டில் நீங்கள் கேட்பதும் ஸ்டீல் கம்பிச் சத்தம்தான்.

இந்தச் சட்டங்களைச் செதுக்கும்போதுதான் நம் பேராசிரியரின் ஞாபகம் எனக்கு வரும். கரும்பலகையில் 'பீ டி கியூப் பை ட்வெல்வ்' என்று எழுதி, "தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்பார். சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு! ஆகவே சட்டத்தைக் குறுகலாக, உயரமாக வைத்தால் கனம் குறைவு, பலம் அதிகம். உயரத்தில் அரை மில்லிமீட்டர் சீவினாலும் சத்தம் மாறும். பலகையை ஒரு விரலால் தொங்கவிட்டு, காதருகில் வைத்து முட்டியால் தட்டிக்கொண்டே சீவுவோம். முதலில் 'டக் டக்' என்று கட்டைச் சத்தம். சீவச் சீவ ஒரு கட்டத்தில் 'டோம்' என்று பானை மாதிரி நீண்டு ஒலிக்கும். அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியாமல் நான் கெடுத்த பலகைகள் மூன்று. அவற்றில் ஒன்று இப்போது என் வீட்டில் காய்கறித் தட்டுக்கு மூடி.

"ஃபேக்டரி கிட்டாரைவிடக் கைவேலை எதில் உசத்தி?" என்று கேட்பார்கள். நேர்மையாகச் சொல்கிறேன். நல்ல ஃபேக்டரி கிட்டார் நல்ல கிட்டார்தான். கவனமில்லாத கைவேலை அதைவிட மட்டம். வித்தியாசம் இதுதான். இயந்திரம் எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்குச் சீவும். ஆனால் ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. கையால் செய்கிறவன் வளைத்துப் பார்க்கிறான், தட்டிப் பார்க்கிறான். விறைப்பானதை இன்னும் மெலிதாக்குகிறான், தொய்வானதை விட்டுவைக்கிறான். அவ்வளவுதான் ரகசியம்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் கம்பிகள் பதித்திருக்கும். எந்த இடத்தில் பதிப்பது? தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். 36.48 வரும். அதுதான் முதல் ஃப்ரெட். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் 34.43. அது இரண்டாவதுக்கு. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் மிகச் சரியாகப் பாதியில், 325-ல் வந்து நிற்கும். அங்கே மேல் ஸட்ஜம் பேசும்.

பழைய காலத்தில் இந்த எண்ணுக்குப் பதில் 18-ஐ வைத்துக்கொண்டார்கள். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்ஸோ கலிலி ஒரு வீணைக்காரர் மாதிரி, லூட் வாசிக்கிறவர். அவர் 1581-ல் எழுதிய நூலிலேயே இந்த 18 கணக்கைச் சொல்லியிருக்கிறார். 18 போட்டால் பன்னிரண்டாவது ஃப்ரெட் இரண்டரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். தப்புத்தான். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் நீண்டு சுருதி ஏறுகிறதே, அதை இந்தத் தப்பு ஓரளவு சரிக்கட்டிவிட்டது! இன்று நாங்கள் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, பிரிட்ஜை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைக்கிறோம்.

இனி மரம். இங்கேதான் நம் ஊர் சம்பந்தம் வருகிறது.

முகப்புக்கு ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரம். லேசானது, விறைப்பானது. முதுகுக்கும் பக்கத்துக்கும் உலகத்தில் பேர் போனது எது தெரியுமா? நம்ம ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. முன்பு எல்லோரும் பிரேசில் ஈட்டியைத்தான் வைத்தார்கள். 1960-களின் இறுதியில் பிரேசில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 1992-ல் பிரேசில் ஈட்டிக்கு சர்வதேச வணிகத் தடையே வந்துவிட்டது. அந்தப் பாரம் எங்கே இறங்கியது? நம் மலையில். ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே போட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கிட்டாரோடு விமானம் ஏறுகிற கலைஞர்கள் படாத பாடு பட்டார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். மரத்துக்கு அல்ல.

இன்னொரு வேடிக்கை. ஸ்பெயின்காரர் பஞ்சில் நனைத்து நூறு நூறு தடவை தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறாரே, அது வேறொன்றுமில்லை. அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் மரத்தில் பூச்சி உண்டாக்கும் அதே அரக்கு. என் குருநாதர் டப்பாவைத் திறந்து, "உங்கள் நாட்டிலிருந்து வருகிறது" என்றார். அறுபது வயது மனிதர் கையில் நம்ம ஊர் அரக்கும் நம்ம ஊர் ஈட்டியும். நான் மட்டும் அவற்றைத் தேடி எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வந்து செய்தவற்றில் இரண்டாவது கிட்டாரின் கதையையும் சொல்ல வேண்டும். சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையில் கட்டினேன். காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தொடும் நாட்கள். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது எனக்குத் தெரியவில்லை. டில்லியில் படிக்கும் அக்கா மகனுக்குக் கொடுத்தேன். ஜனவரியில் அவன் அறையில் ஹீட்டர் போட்டான். பலகை சுருங்கப் பார்த்தது. ஒன்றேகால் அடி அகலப் பலகை அப்படி மூன்று நாலு மில்லிமீட்டர்கூடச் சுருங்கத் துடிக்கும். ஆனால் அடியில் சட்டம் பிடித்திருக்கிறது, ஓரத்தில் பக்கம் பிடித்திருக்கிறது. எங்கே போகும்? "மாமா, ராத்திரி துப்பாக்கி மாதிரி சத்தம் கேட்டுச்சு" என்று ஃபோன் பண்ணினான். நட்ட நடுவில் நெடுக ஒரு விரிசல்.

அதிலிருந்து பாடம் கற்று ஓர் அறையை அடைத்து, ஏசியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வைத்து, 45 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரத்தை நிறுத்தித்தான் ஒட்டுகிறேன். அந்த விரிசலைச் சரி செய்ய முடிந்தது. எப்படி முடிந்தது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

நல்ல கிட்டாரை வஜ்ஜிரத்தால் ஒட்டலாம். நம் ஆசாரிகள் தோலிலிருந்து காய்ச்சும் அதே வஜ்ஜிரம்தான். இறுகினால் எழுபது, எண்பது கிலோ இழுப்பை வருஷக்கணக்கில் தாங்கும். ஆனால் சூடும் ஈரமும் பக்குவமாகக் காட்டினால், மெல்லிய கத்தியை நுழைத்து இணைப்பைப் பிரித்துவிடலாம். மரத்துக்குச் சேதம் இல்லை. இருநூறு வருஷத்து வயலின் இன்னும் வாசிக்கப்படுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இதுதான். அதைச் செய்தவன், இது என்றாவது பழுதாகும், அன்று யாரோ ஒருவன் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துச் செய்தான். நான் ஹாஸ்டலில் அப்பிய பசை அப்படிப்பட்டதல்ல. அது பிரிய வேண்டிய நேரத்தில் மரநாரையும் பிடுங்கிக்கொண்டுதான் வரும்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஸ்பெயின்காரர் இல்லை. முதல் வருஷம் நம் கார்பென்டரி ஷாப்பில் இருந்த இன்ஸ்ட்ரக்டர். அவரை 'ஆசாரி சார்' என்போம். புறாவால் பொருத்து, அதாவது டவ்டெயில் ஜாயின்ட், செய்யச் சொன்னார். என்னுடையதில் ரெண்டு மில்லிமீட்டர் சந்து. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, நைஸாகக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாலே பார்க்கவில்லை அவர். பெருவிரலால் ஒரு தடவு தடவினார். "அடைச்சு மறைக்காதே தம்பி. பிரிச்சுத் திரும்பச் செய்" என்றார். பத்துக்கு நாலு மார்க். அந்த நாலு மார்க்கை நான் மறந்தேன். அவர் சொன்னதையும் நாலு வருஷத்தில் மறந்தேன் என்பதற்கு அந்த மொட்டை மாடி சாட்சி.

2021-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஒரு கிட்டார் செய்வது என்று முடிவு செய்தேன். ஸ்டீல் கம்பிக் கிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நைலான். ஆகையால் பெருக்கல் குறிச் சட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

மரத்துக்கு எங்கே போவது? அம்மாவின் ஈட்டி மர அலமாரி ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு கதவைக் கரையான் அரித்திருந்தது, இன்னொன்று முழுசாக இருந்தது. அறுக்கக் கொண்டுபோனபோது சா மில்காரர், "சார், இதைப் போயா அறுக்கிறீங்க? பீரோவாவே இருக்கட்டுமே" என்றார். என் மனைவியும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. மலையில் நிற்கும் மரத்தில் கை வைக்காமல் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுபது வருஷம் காய்ந்த பலகை. தகடு தகடாக அறுத்து, அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்துப் பார்த்தபோது, ரேகை இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது மாதிரி பொருந்தியது. ஓர் ஓரத்தில் பழைய ஆணித் துளை ஒன்று. அதை நான் அடைக்கவில்லை.

பக்கப் பலகையை வளைப்பது தனி அனுபவம். இரண்டு மில்லிமீட்டருக்குச் சீவி, நனைத்து, சூடான இரும்புக் குழாய் மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். குழாய் எவ்வளவு சூடு? தோசைக்கல் பதம். தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓட வேண்டும். அவசரப்பட்டால் 'படக்'. பொறுத்தால் மரம் ஒரு கணம் கைக்குள் இளகுவது தெரியும். பிறகு அது நீங்கள் சொன்னபடி கேட்கும்.

கடைசியில் பிரிட்ஜ். அதை ஒட்டும் நாளில் எனக்குக் கை நடுங்கியது, வயசினால் அல்ல. அதன் அடியில் ஒரு பொட்டு வார்னிஷ் இருக்கக் கூடாது. மரமும் மரமும் நேராகச் சேர வேண்டும். சுரண்டினேன், பார்த்தேன், மறுபடி சுரண்டினேன். வஜ்ஜிரம் ஆறுவதற்குள் ஒரு நிமிஷத்தில் பிடித்து இறுக்க வேண்டும். இறுக்கினேன். மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் கம்பி கட்டினேன். ஒரு மாதம் தினமும் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் போய், பிரிட்ஜின் பின்னால் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்ப்பேன். நுழையவில்லை.

போன வருஷம் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு, "உன் கிட்டாரைக் கெடுத்தது வெயில் இல்லடா, நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருஷம் ஒத்திகை பார்த்த வசனம். அவன் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"தெரியும்டா. ரெண்டு நாள் ரூமெல்லாம் அந்தப் பசை நாத்தம். மெஸ் கத்தியை வேற என் மேஜை மேலயே வெச்சிருந்தே. நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லலை. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்" என்றான். அவர்கள் தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நண்பர்களே, மற்றதெல்லாம் சரியாயிற்று. அந்த ஒன்று மட்டும் சரியாகவில்லை. நான் 1985-லேயே, ஏன், 2015-லாவது போய்ச் சொல்லியிருந்தால் அவர்கள் இருந்தார்கள். பிரித்துத் திரும்பச் செய்வதற்கும் ஒரு காலம் இருக்கிறது. வஜ்ஜிரம் ஆறுவதற்குள் இறுக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு நான் பெரிதாக உபதேசம் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். நீங்கள் எந்தப் பிரிவில் படித்தாலும், கையால் ஏதாவது ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்து பாருங்கள். கம்ப்யூட்டரில் தப்புச் செய்தால் ஒரு பட்டனை அழுத்திப் பின்னால் போய்விடலாம். மரத்தில் போக முடியாது. அது உங்களுக்குப் பொறுமையையும் கொஞ்சம் பயத்தையும் கற்றுக் கொடுக்கும். இரண்டுமே தேவை.

முதல்வர் அவர்களின் அனுமதியோடு, நம் கார்பென்டரி ஷாப்புக்கு ஒரு கிட்டாருக்கான வரைபடமும், அச்சும், அறுத்த மரமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஈட்டி அல்ல, சாதாரணத் தேக்குத்தான். ஆர்வமுள்ள நாலு பேர் முன்வந்தால் சனிக்கிழமைகளில் நானே வந்து சொல்லித் தருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொரு செய்தி. அந்த 'கிட்டார்' இதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இன்று மாலை கலை நிகழ்ச்சியில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். "விரலெல்லாம் கட்டையாயிடுச்சுடா, பாதிதான் வருது" என்கிறான். பாதி வந்தால் போதும். மீதியை நாம் எல்லோரும் சேர்ந்து பாடிவிடுவோம். ஒரே ஒரு நிபந்தனை, கிட்டாரை யாரும் வெயிலில் வைக்காதீர்கள்.